அருவி வேட்டி போலத் தொங்குகிறதா? அக்ரிலிக் ஓவியத்தில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்குதல்

குற்றாலத்தில் சாரல் கட்டிவிட்டது என்று செய்தி வந்த இரண்டாவது வாரத்திலிருந்து என் வீட்டுத் திண்ணைக்கு அருவிகள் வரத் தொடங்கிவிடும். குளித்துவிட்டு வந்த கையோடு, செல்பேசியில் எடுத்த படத்தைப் பார்த்து வரைந்த அருவிகள். பேரருவி அதிகம், ஐந்தருவி கொஞ்சம், எப்போதாவது பழைய அருவி. "எங்கே தப்பு என்று தெரியவில்லை சார், ஆனால் தண்ணீர் மாதிரி இல்லை" என்று கேன்வாஸைச் சுவரில் சாய்ப்பார்கள். பாளையங்கோட்டையில் வார இறுதி ஓவிய வகுப்பு நடத்துகிற எனக்கு இந்தத் தப்புகள் இப்போது சொந்தக்காரர்கள் மாதிரி. வருடா வருடம் அதே முகங்கள்தான் வருகின்றன.

உங்கள் படத்தை எதிரே வைத்துக்கொண்டு, பொருந்துகிற தலைப்புக்கு நேராகப் போய்விடுங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன். அந்த வரிசையைத் தாண்ட வேண்டாம். கலங்கிய தண்ணீர்க் குவளையை மாற்றினால் தீர்ந்திருக்கும் கோளாறுக்குப் புது டியூப் பெட்டியே வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும்.

தொடங்கும் முன் எல்லாருக்கும் பொதுவாக ஒரு வேலை: படத்தைப் பகல் வெளிச்சத்தில் செல்பேசியால் எடுத்து, அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிவைத்துக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விகளுக்கு அதிலேயே பதில் இருக்கும்.

## அருவி தண்ணீராகத் தெரியவில்லை, காயப்போட்ட வேட்டி போலத் தொங்குகிறது

திண்ணைக்கு வரும் புகார்களில் முதலிடம் இதற்குத்தான். ஆகவே இங்கே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

### கறுப்பு வெள்ளைப் படத்தில் அருவி உச்சி முதல் அடி வரை ஒரே வெள்ளையாக இருந்தால்

வெள்ளையை முன்கூட்டியே எடுத்துவிட்டீர்கள். டைட்டானியம் வெள்ளைக்கு மறைக்கும் சக்தி மிக அதிகம். டியூபிலிருந்து நேராக எடுத்து இழுத்தால் அடியில் இருந்த பாறை, நிழல், இடைவெளி எல்லாம் போய்விடும். மிஞ்சுவது துணி.

செலவில்லாத பரிகாரம் இது. அல்ட்ராமரைன் நீலத்தையும் பர்ன்ட் அம்பரையும் சேர்த்துக் கருமைக்குப் பக்கத்தில் வரும் ஒரு நிறத்தைக் கலக்கிக்கொள்ளுங்கள். அதில் ஒரு துளி வெள்ளை விட்டால் ஈரப்பாறைச் சாம்பல், இன்னும் இரண்டு துளி விட்டால் நிழலில் விழும் தண்ணீரின் சாம்பல். அருவி முழுவதையும் இந்த இரண்டாவது சாம்பலால் தயக்கமில்லாமல் மூடிவிடுங்கள். வரைந்ததை அழிக்கிறோமே என்று கை நடுங்கும். நடுங்கட்டும். நன்றாகக் காய்ந்ததும் பன்றிமுடிப் பட்டைத் தூரிகையில் வெளிர்ச்சாம்பலைத் தொட்டு, பழந்துணியில் தேய்த்துத் தேய்த்து, இனி ஒன்றுமில்லை என்று தோன்றும்போது கேன்வாஸின் மேல் லேசாக மேலிருந்து கீழே இழுங்கள். துணி நெசவின் மேட்டில் மட்டும் வண்ணம் ஒட்டும், பள்ளத்தில் சாம்பல் அப்படியே நிற்கும். அந்தப் பிசிறுதான் தண்ணீர்.

சுத்த வெள்ளை கடைசியில், இரண்டே இடங்களில் மட்டும்: தண்ணீர் பாறை விளிம்பைத் தாண்டும் இடத்தில் வெளிச்சம் படும் பக்கம், அப்புறம் அது அடுத்த படியில் மோதித் தெறிக்கும் இடம். பேரருவியை வரைகிறவர்களுக்கு இது எளிது. ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து வரும் தண்ணீர் ஒரே ஓட்டத்தில் தரைக்கு வருவதில்லை. நடுவில் பொங்குமாங்கடல் என்கிற பாறைப் பள்ளத்தில் விழுந்து, பொங்கி, மறுபடி சரிந்து விரிகிறது. அந்தப் பொங்கும் இடம்தான் உங்கள் வெள்ளைக்கு உரிய இடம். அதை விட்டுவிட்டு மேலே ஒரு வெள்ளைப் பட்டை, கீழே ஒரு வெள்ளைப் பட்டை என்று இழுத்தால் அது குற்றாலமாகவே இராது.

### அருவிக்குள் சாம்பல் இருக்கிறது, ஆனாலும் ஒளிரவில்லை என்றால்

இப்போது அருவியை விட்டுவிட்டுப் பக்கத்தில் பாருங்கள். கறுப்பு வெள்ளைப் படத்தில் பாறையும் மரங்களும் அருவியும் ஒரே மாதிரியான நடுச் சாம்பலா? அல்லது வானம் அருவியைவிட வெளுப்பா? அப்படியானால் இரண்டு விளக்கு ஒன்றோடொன்று போட்டி போடுகின்றன.

வெறும் கையால் செய்யும் சோதனை: கறுப்புத் தாள் ஒன்றை வெட்டி அருவிக்கு இரண்டு பக்கமும் பாறையின் மேல் பிடியுங்கள். சட்டென்று அருவிக்கு உயிர் வந்தால் குறை பாறையில்தான். கிளேஸிங் மீடியத்தில் (வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெலிதாக்கும் அக்ரிலிக் திரவம்) முன்சொன்ன கருங்கலவையைச் சிறிது கரைத்து, கண்ணாடி போல மெல்லிய பூச்சாகப் பாறைமேல் ஓட்டுங்கள். காய்ந்தபின் பாருங்கள், போதாவிட்டால் இன்னொன்று. மூன்றாவது பூச்சுக்குள் நிச்சயம் மாறும். தாளை வானத்தின் மேல் பிடித்தபோதுதான் மாற்றம் தெரிந்தது என்றால் அதே பூச்சு வானத்துக்கு. சாரல் காலத்தில் குற்றாலத்து வானம் மேகம் மூடித்தானே இருக்கிறது, இருட்டினால் பொய்யாகிவிடாது.

மீடியம் இல்லாதவர்கள் தண்ணீரால் மட்டும் இந்தப் பூச்சைப் போட நினைப்பார்கள். போடலாம், ஆனால் திட்டுத் திட்டாகக் காயும். இந்த ஒரு பாட்டிலுக்கு மட்டும் செலவு செய்யச் சொல்வேன்.

### கோடுகள் சீப்பால் வாரியது போல இருந்தால்

விசிறித் தூரிகையின் வேலை. அதை வாங்கிய எல்லாருமே உச்சியிலிருந்து அடி வரை ஒரே இழுப்பாக இழுத்துவிடுகிறார்கள். தண்ணீர் உச்சியில் நெருங்கி வரும். இறங்க இறங்கப் பிரியும். பாறை முனையில் இரண்டாகும். இழுப்பைக் குட்டையாக்குங்கள். ஒவ்வொரு பாறைப் படியிலும் தூரிகையை எடுத்து மறுபடி வையுங்கள். விசிறியின் ஒரு ஓரத்தை மட்டும் தொட்டு இழுத்தால் சீப்புத் தடம் வராது. நான் ஒரு மாணவியின் விசிறித் தூரிகையை வாங்கி நடுவில் நாலைந்து இடத்தில் கத்தரிக்கோலால் முடியை வெட்டிக் கொடுத்தேன். முதலில் முறைத்தார். இப்போது அவர் அதை யாருக்கும் இரவல் தருவதில்லை.

### எல்லாம் செய்தும் வெள்ளை அடியை மூடவில்லை என்றால்

டியூபைத் திருப்பிப் பாருங்கள். நிறமியின் குறி பி.டபிள்யூ 6 என்றால் டைட்டானியம், பி.டபிள்யூ 4 என்றால் துத்தநாக வெள்ளை. துத்தநாகம் இயல்பிலேயே ஒளி ஊடுருவக்கூடியது. சாரலுக்கு அருமை, விளிம்பு வெளிச்சத்துக்கு உதவாது. குறி 6 ஆகவே இருந்தும் நீர்த்துப்போய் இருந்தால் அது மாணவர் தர டியூபாக இருக்கும், நிறமி குறைவு. எல்லா நிறத்தையும் ஓவியர் தரத்துக்கு மாற்றத் தேவையில்லை. வெள்ளை ஒன்றை மட்டும் நல்லதாக வாங்கினால் போதும்.

## காய்ந்ததும் நிறம் இருண்டுவிட்டது. திருத்தப் போனால் திட்டு விழுகிறது

உங்கள் கண்ணில் கோளாறு இல்லை. அக்ரிலிக்கின் பசை ஈரமாக இருக்கும்போது பால் போல வெளுத்திருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். அதனால் எல்லா நிறமும் ஒரு படி இருளும். இருண்ட நிறங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும்.

முதலில் வெளிச்சத்தைச் சரிபாருங்கள். இரவில் மஞ்சள் பல்பின் கீழ் வரைந்துவிட்டுக் காலையில் "அருவி நீலமாகிவிட்டது" என்று வருகிறவர்கள் உண்டு. நிறம் மாறவில்லை, விளக்குதான் ஏமாற்றியது. 6500 கெல்வின் என்று அச்சிட்ட எல்இடி பல்பு ஒன்றைப் போட்டால் பகலுக்குப் பக்கத்தில் வரும்.

வெளிச்சம் சரி என்றால், திருத்துவதற்காகக் கலக்கிய நிறத்தை அதே கேன்வாஸின் ஓரத்திலோ ஒரு அட்டையிலோ தடவி, ஹேர் டிரையரில் காயவைத்து, படத்தோடு ஒட்டிப் பிடித்துப் பாருங்கள். ஈரத்தில் ஒத்துப்போவது பொருத்தமே அல்ல. காய்ந்தபின் ஒத்துப்போனால்தான் தூரிகையைத் தொட வேண்டும். அப்போதும் திட்டு மட்டும் பளபளத்தோ மங்கியோ தெரிந்தால் அது நிறப் பிரச்சினை அல்ல, பளபளப்பு வேறுபாடு. கடைசியில் வார்னிஷ் பூசும்போது ஒன்றாகிவிடும். அதுவரை அதை நோண்டாதீர்கள்.

## சாரல் மூட்டம் விளிம்பு கட்டி நிற்கிறது, மேகத் துண்டை வெட்டி ஒட்டியது போல

ஊரில் மே மாத வெயில், தலைக்கு மேல் மின்விசிறி ஐந்தாம் எண்ணில். மெல்லிய அக்ரிலிக் பூச்சு சாதாரணமாகவே பத்து இருபது நிமிடத்தில் தொடக் காய்ந்துவிடும். இங்கே மூன்று நிமிடம் கொடுத்தால் அதிகம். நீங்கள் விளிம்பைக் கரைக்கத் திரும்புவதற்குள் அது இறுகியிருக்கும்.

விசிறியை நிறுத்துங்கள். சிரித்துக்கொண்டே சொல்வதாக நினைக்க வேண்டாம். பாதிப் பேருக்கு இதோடு தீர்ந்துவிடும். வியர்க்கும், உண்மைதான். அந்த இருபது நிமிட வேலையை விடியற்காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் தெளித்துப் பாருங்கள். சலவைக்குத் தெளிக்கும் பாட்டில் போதும். பேலட்டின் மேல் ஒரு தடவை, கேன்வாஸின் மேல் தூரத்திலிருந்து ஒரு தடவை. வடியும் அளவுக்குத் தெளித்தால் வேறு அருவி தொடங்கிவிடும்.

ஏற்கெனவே காய்ந்துவிட்ட விளிம்பா? அதைக் கரைக்க முடியாது, மூடத்தான் முடியும். முடி நைந்து குட்டையாகிப்போன பழைய தூரிகை ஒன்றை எடுங்கள். இதற்காகவே நான் அவற்றைக் குப்பையில் போடுவதில்லை. முதலில் பின்னணிப் பாறையின் நிறத்தால் விளிம்பை வட்டமாகத் தேய்த்து உடையுங்கள். காய்ந்ததும் துத்தநாக வெள்ளையைத் தொட்டு, துணியில் துடைத்து, தூரிகையைச் செங்குத்தாகப் பிடித்து வட்டமாகத் தேயுங்கள். அடர்த்தி அடியில் நடுவில் இருக்கட்டும், வெளியே போகப் போகத் தூரிகையில் வண்ணமே இருக்கக் கூடாது. ஒரே முறையில் முடிக்க நினைத்தால் மறுபடி விளிம்பு கட்டும். நான்கைந்து முறை, ஒவ்வொன்றும் "இது ஒன்றும் செய்யவில்லையே" என்று தோன்றும் அளவுக்கு.

இதற்கும் மேலே போனால் ரிடார்டர். காயும் நேரத்தை நீட்டும். வண்ணத்தின் அளவில் 15 விழுக்காட்டைத் தாண்டினால் பூச்சு நாள்கணக்கில் பிசுபிசுக்கும், தூசியெல்லாம் குடியேறும். நான் வகுப்பில் அந்தப் பாட்டிலை என் அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன்.

இன்னொன்று: சாரலுக்கு முன்னால் நிற்கும் பாறையைச் சாரல் முடிந்தபின் வரையுங்கள். பாறையை முதலில் முடித்துவிட்டு அதைச் சுற்றிச் சாரலைப் பூசினால் விளிம்பு கட்டாமல் வேறென்ன செய்யும்?

## நிறங்கள் சேறாகிவிட்டன

மூலப் படத்தைப் பாருங்கள். வெள்ளம் பெருகிக் குளிக்கத் தடை போட்ட நாளில் எடுத்ததா? அன்றைக்குப் பேரருவியே செம்மண் கலந்துதான் கொட்டும். நீங்கள் சரியாகத்தான் வரைந்திருக்கிறீர்கள். பாறையை இன்னும் நீலச் சாம்பலுக்குத் தள்ளுங்கள், தண்ணீர் சேறாகத் தெரியாமல் செம்புனலாகத் தெரியும்.

அப்படி இல்லையென்றால் குவளை. தூரிகை அலச ஒன்று, கலக்க ஒன்று என்று இரண்டு வேண்டும். கலக்கும் குவளைத் தண்ணீரில் அடி தெரியாவிட்டால் அதுதான் குற்றவாளி.

குவளையும் சுத்தம் என்றால் பச்சையைச் சந்தேகப்படுங்கள். காட்டுக்காக எடுத்த 'சாப் கிரீன்' டியூபின் பின்புறத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று நிறமிக் குறிகள் இருக்கும். அதனோடு நீங்கள் பர்ன்ட் சியன்னா சேர்த்து, இருளுக்கு 'பெய்ன்ஸ் கிரே' சேர்த்தால் அதுவும் ஒரு கலவை. ஆறேழு நிறமி ஒரே குழம்பில். ஒற்றைக் குறி உள்ள டியூபுகளாக இரண்டை மட்டும் கலந்து பாருங்கள். அல்ட்ராமரைன் பி.பி 29, அதோடு ஒரு மஞ்சள். சாரல் காலத்துக் காட்டுப் பச்சை அதிலேயே வரும்.

இவை எதுவும் இல்லையென்றால் பூச்சு அரைகுறையாகக் காய்ந்திருந்தபோது தேய்த்திருக்கிறீர்கள். அதன் அடையாளத்தை 'அடியில் இருக்கும் பூச்சு பெயர்ந்து வருகிறது' என்ற தலைப்பில் பாருங்கள்.

## பாறைகள் உருளைக்கிழங்கு போல இருக்கின்றன

வட்டத் தூரிகையைக் கீழே வையுங்கள். பட்டைத் தூரிகையின் விளிம்பால் மேற்பரப்பை ஒரு வெட்டு, பக்கத்தை வேறு நிறத்தில் இன்னொரு வெட்டு. இரண்டுக்கும் நடுவில் தேய்க்கவே கூடாது. நனைந்த பாறை என்பதால் மேற்பரப்பில் வானத்தின் நீலச் சாம்பல் மெல்லிய கோடாக வேண்டும், பக்கவாட்டில் கருமை. அவ்வளவுதான்.

## அடியில் இருக்கும் பூச்சு பெயர்ந்து வருகிறது

வெள்ளையை இழுக்கும்போது தூரிகையோடு அடிச் சாம்பல் சுருண்டு வந்து, நடுவில் வெறும் கேன்வாஸ் கண் திறந்து பார்க்கும். பெயர்ந்த இடத்தின் ஓரத்தை விரலால் தொடுங்கள்.

### ஓரம் குளிர்ச்சியாக, ரப்பர் போல இருந்தால்

மேலே தோல் கட்டி உள்ளே ஈரம். காய்ந்த பூச்சு அறையின் வெப்பத்திலேயே இருக்கும், காயாதது தொட்டால் குளிரும். தூரிகையை எடுத்துவிட்டு எழுந்து போங்கள். இரண்டு மணி நேரம் கழித்து ஓரத்தை நுண்ணிய உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, பள்ளத்தைச் சாம்பலால் நிரப்பிக் காயவிட்டுத் தொடரலாம். இப்போதே சரிசெய்துவிடுகிறேன் என்று மேலும் தேய்த்தால் கண் கதவாகிவிடும்.

### விரலில் மாவு போல ஒட்டினால்

தண்ணீர் மிஞ்சிவிட்டது. வண்ணத்தின் அளவைவிட அதிகமாகத் தண்ணீர் விட்டால் நிறமியைப் பிடித்துவைக்கப் பசை போதாது. காய்ந்தபின் கிளேஸிங் மீடியத்தை மெல்லியதாக ஒரு கை பூசுங்கள், மாவைக் கட்டிப்போடும். அடுத்த முறை மெலிதாக்கப் பாதித் தண்ணீர், பாதி மீடியம்.

### தகடு தகடாக, சுத்தமாக உரிந்தால்

அடியில் இருப்பது பிடிக்கவில்லை. படத்தின் மூலையில் மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். டேப்போடு வண்ணம் வந்தால் மூன்றில் ஒன்று: கேன்வாஸில் கைப்பிசுக்கோ சமையலறை எண்ணெயோ பட்டிருக்கிறது; அல்லது எண்ணெய் வண்ணத்துக்கான அடிப்பூச்சு போட்ட துணியை வாங்கியிருக்கிறீர்கள், உறையைப் பார்த்தால் தெரிந்துவிடும்; அல்லது குளிரில் வரைந்திருக்கிறீர்கள். ஏறத்தாழ 9 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அக்ரிலிக்கின் பசை ஒன்றோடொன்று கூடிப் படலமாகாது. எங்கள் ஊரில் அதை நினைத்தே பார்க்க வேண்டாம், ஆனால் ஊட்டியில் மார்கழி இரவில் வரைந்த ஒருவரின் அருவி அப்படித்தான் உரிந்தது. முதல் இரண்டுக்கும் ஜெஸ்ஸோ (அக்ரிலிக்குக்கான அடிப்பூச்சு) பூசிய புதுத் துணிதான் மருந்து. பழையதை ஒட்டவைக்கும் பசை எதையும் நான் நம்புவதில்லை.

### பழைய ஓவியம் ஒன்றின் மேல் வரைந்திருந்தால்: இங்கே நிறுத்துங்கள்

ஒருவர் பரணில் கிடந்த பழைய படம் ஒன்றின் மேல் ஐந்தருவியை வரைந்து எடுத்து வந்தார். வலது ஓரத்தில் தகடு உரிந்த இடத்தில் ஒரு சேலைக் கரை தெரிந்தது. அவருடைய தாத்தா எண்ணெய் வண்ணத்தில் வரைந்த பாட்டியின் படம் அது.

சந்தேகமிருந்தால் சட்டத்துக்குள் மறையும் ஓரத்தில், காது குடையும் பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டைத் தொட்டு ஒரு பொட்டுத் தேயுங்கள். அக்ரிலிக் இளகிப் பஞ்சில் நிறம் ஏறும், வருடக்கணக்கில் காய்ந்த எண்ணெய் வண்ணம் சட்டென்று இளகாது. அடியில் எண்ணெய் ஓவியம் என்று தெரிந்தால் அதற்கு மேல் பஞ்சும் வேண்டாம், நகமும் வேண்டாம். ஓவியப் பாதுகாப்பு வல்லுநரிடம் போக வேண்டிய இடம் இதுதான். பாரம்பரியச் சொத்துகளைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்புக்கு இதற்கான மையங்கள் இருக்கின்றன. எடுத்துப்போகும்போது உரிந்த தகடுகளையும் ஒரு தீப்பெட்டியில் போட்டு எடுத்துப்போங்கள்.

## அருவியின் நுரையில் வெடிப்பு

நுரை தடித்து நிற்க வேண்டும் என்று வெள்ளையைக் கரண்டியால் அப்பியிருப்பீர்கள். மேல்தோல் முதலில் காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் நகர, தோல் கிழிகிறது. ஹேர் டிரையர் பிடித்திருந்தால் இன்னும் வேகமாக. கனத்த பூச்சு முழுக்கக் காய வாரங்கள் ஆகும், அவசரப்படுத்த வழியில்லை.

வெடிப்பு மயிரிழையாக இருந்தால் ஒரு மாதம் விட்டுவிட்டு, பள்ளத்தில் வெள்ளையைத் தேய்த்து நிரப்பினால் போதும். சில சமயம் அந்த வெடிப்பே பாறைக்குப் பொருந்திவிடும். அப்படி வந்த ஒரு படத்தை நான் தொடவே விடவில்லை. நகம் நுழையும் அளவு என்றால் பேலட் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டு, மாடலிங் பேஸ்ட்டை (தடிப்பாகக் கட்டுவதற்கான அக்ரிலிக் விழுது) இரண்டு மூன்று மெல்லிய அடுக்காக, ஒவ்வொன்றும் காய்ந்தபின், கட்டி எழுப்புங்கள்.

## துணி தொய்ந்து அலை அடிக்கிறது

கேன்வாஸைத் திருப்பி, பின்பக்கத் துணியில் மட்டும் தண்ணீரைத் தெளித்துக் காயவிடுங்கள். பருத்தி இறுகும். போதாவிட்டால், வாங்கும்போது பின்னால் ஒரு சின்னப் பையில் எட்டு மர ஆப்புகள் கொடுத்திருப்பார்களே, என்னவென்று தெரியாமல் எல்லாரும் தூக்கிப்போடுவது, அவற்றை நான்கு மூலைக் காடிகளிலும் மூலைக்கு இரண்டாகச் செருகிச் சமமாக மெல்லத் தட்டுங்கள். மேசையில் படுக்கவைத்தால் நான்கு மூலையும் தரையைத் தொடவில்லை என்றால் மரச்சட்டமே முறுக்கிவிட்டது. படத்துக்குச் சட்டம் போடும் கடையில் கொடுத்து வேறு மரத்தில் இழுத்து அடிக்கச் சொல்லுங்கள். ஆணியடிக்கும்போது கூடவே நில்லுங்கள்.

## படத்தில் வட்ட வட்டமாகத் தடம். இரண்டு படம் ஒட்டிக்கொண்டது

காய்ந்த அக்ரிலிக் கல்லாகிவிடுவதில்லை. வெயில் ஏறினால் இளகும். மே மாதத்தில் தென்காசியிலிருந்து பஸ்ஸில் குமிழ்த்தாள் சுற்றி, மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்த ஒரு பேரருவியின் வானம் முழுக்க வளையல் வளையலாகத் தடம். அவர் அழாத குறை.

தடம் மட்டும்தான் என்றால் பொதியைப் பிரித்து, குளிர்ந்த அறையில் படுக்கவைத்து இரண்டு நாள் விடுங்கள். லேசானவை தாமாகவே அமரும். அமராதவற்றின் மேல் அதே நிறத்தில் இன்னொரு பூச்சு.

முகத்தோடு முகம் ஒட்டிக்கொண்ட இரண்டு படங்கள் என்றால் இழுக்காதீர்கள். குளிர்சாதன அறையில் சில மணி நேரம் வைத்தால் பூச்சு இறுகி, ஓரத்திலிருந்து தானே விடும் வாய்ப்பு உண்டு. ஓரத்தில் பேலட் கத்தி நுழைய மறுக்கிறது என்றால் உங்கள் வேலை முடிந்தது. படத்துக்கு மதிப்பு இருந்தால் வல்லுநரிடம், இல்லாவிட்டால் எது பிழைக்க வேண்டும் என்று முன்பே முடிவு செய்துகொண்டு இழுங்கள். இனிமேல் அனுப்பும்போது படத்தின் மேல் முதலில் பட்டர் பேப்பர், அதன்மேல் அட்டை, குமிழ்த்தாள் கடைசியில், குமிழ் வெளிப்பக்கம் பார்க்க.

## வார்னிஷ் பூசியதும் அருவி மட்டுமல்ல, எல்லாமே வெளுத்துவிட்டது

ஓவியத்தையே நடராஜராக வைத்துக் கும்பிடும் சித்திரசபை இருக்கிற ஊர் குற்றாலம். அந்த ஊர்க்காரர் ஒருவர், ஐப்பசி அடைமழையில், ஜன்னல் திறந்த அறையில் வார்னிஷ் பூசிவிட்டு, மறுநாள் காலை ஏழு மணிக்கு என் கதவைத் தட்டினார். கருமை கட்டி எழுப்பிய பாறையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடந்தது.

இன்னும் ஈரமா? தண்ணீரில் கரையும் வார்னிஷ் பூசியவுடன் பால் போலத்தான் இருக்கும். மழைக்காலத்தில் தெளிய இரண்டு மூன்று நாள்கூட ஆகும். காற்றோட்டமான, ஈரமில்லாத அறையில் வைத்துக் காத்திருங்கள். அவருடைய படம் மூன்றாம் நாள் தெளிந்தது.

மேட் வார்னிஷா? பளபளப்பைக் குறைக்கும் தூள் பாட்டிலின் அடியில் தங்கியிருக்கும். கலக்காமல் ஊற்றி, கடைசியில் அடிமண்டியைப் பூசினால் இருண்ட இடங்களில் வெள்ளைத் திரை விழும். தடித்த பூச்சுக்கும் இதே கதி. அதன்மேல் பளபளப்பான 'கிளாஸ்' வார்னிஷ் மெல்லிய கை ஒன்று போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் திரை விலகும். அருவிப் படத்துக்கு நான் மேட் பக்கமே போவதில்லை, ஈரப்பாறையின் கருமையை அது தின்றுவிடும்.

நுண்ணிய குமிழிகளா? தூரிகையைக் குலுக்கியிருக்கிறீர்கள், அல்லது காயத் தொடங்கியபின் மறுபடி ஓட்டியிருக்கிறீர்கள். காய்ந்தபின் இதை நீக்க வழி குறைவு.

எதற்கும் தெளியவில்லை, வார்னிஷை எடுத்தே ஆக வேண்டும் என்றால் ஒரு கேள்வி: வார்னிஷுக்கு அடியில் காப்புப் பூச்சு போட்டீர்களா? 'சாஃப்ட் ஜெல் கிளாஸ்' என்ற பளபளப்பான அக்ரிலிக் ஜெல் இரண்டு பங்கில் ஒரு பங்கு தண்ணீர் கலந்து, படம் காய்ந்தபின் பூசுவது. போட்டிருந்தால், பாட்டிலில் நீக்கக்கூடியது என்று எழுதியிருந்தால், அதில் சொன்ன கரைப்பானைப் பஞ்சில் தொட்டு, உள்ளங்கை அளவு இடமாக, பஞ்சை மாற்றி மாற்றி நீங்களே எடுக்கலாம். ஜன்னல் திறந்திருக்கட்டும், அடுப்பு பக்கத்தில் வேண்டாம். பஞ்சில் நீலமோ பழுப்போ ஏறிய அந்த நொடியில் நிறுத்துங்கள். காப்புப் பூச்சு போடவில்லை என்றால் தொடங்கவே வேண்டாம். கரைப்பான் வார்னிஷோடு நிறுத்திக்கொள்ளாது. விற்ற படமாகவோ பரிசாகக் கொடுத்த படமாகவோ இருந்தால் வல்லுநரிடம் கொடுங்கள். வீட்டுச் சுவருக்கான படம் என்றால், என் கணக்கில், அதே அளவில் புதுக் கேன்வாஸ் ஒன்று வாங்கி, சாம்பலிலிருந்து மறுபடி தொடங்குவதுதான் மலிவு.